நுரையீரலுக்குப் பரவியிருக்கிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது

புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், கூட இருப்பவர்கள் வாயில் முதலில் வருவது "இன்னும் எவ்வளவு நாள்?" என்ற கேள்விதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: இது உடம்பில் எங்கே ஆரம்பித்தது, எந்த வகை? அக்காவுக்குத் துணையாகச் சில வருடங்களாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருப்பவள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். என்ன மருந்து, ஆபரேஷன் உண்டா இல்லையா, எவ்வளவு காலம், எதற்குப் பதற வேண்டும், எதற்குப் பதற வேண்டாம் என்று எதை எடுத்தாலும் பதில் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

அக்காவுக்கு முதலில் வந்தது மலக்குடலில், அதுவும் கீழ்ப்பகுதியில். ரேடியேஷன், கீமோ, ஆபரேஷன் எல்லாம் முடிந்து நாங்கள் கொஞ்சம் நிம்மதியாக இருந்த காலம் அது. குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தத்தில் சிஇஏ அளவு பார்ப்பார்கள், குடல் புற்றுநோய் திரும்புகிறதா என்று காட்டிக்கொடுக்க உதவும் ஒரு புரதம் அது. 5-க்குக் கீழேயே இருந்துவந்த அது மெல்ல ஏற ஆரம்பித்தது. புகைபிடிப்பவர்களுக்கும், ஈரலில் கோளாறு உள்ள சிலருக்கும்கூட அது ஏறும் என்பதால் அதை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை. மறுபடியும் ரத்தம் பார்த்தார்கள், அப்புறம் சிடி ஸ்கேன். இரண்டு நுரையீரலிலும் சின்னச் சின்ன முடிச்சுகள். கல்லீரல் சுத்தம்.

அக்காவுக்கு இருமல் கிடையாது, மூச்சு வாங்கவில்லை, நெஞ்சில் வலி இல்லை. "ஏண்டி, பேரைச் சரியாப் பார்த்தியா? வேற யாரோட ரிப்போர்ட்டாவது இருக்கப்போகுது" என்றாள். இது நிறைய பேருக்கு நடக்கிற விஷயம் என்று பிறகு தெரிந்தது. நுரையீரலின் உள்சதைக்கு வலி தெரியாது. வலியை உணரும் நரம்புகள் நெஞ்சுக்கூட்டின் உள்பக்கத்தை ஒட்டியிருக்கும் உறையில் இருக்கின்றன, கட்டி அந்த உறையைத் தொட்டால்தான் இழுத்து மூச்சு விடும்போது குத்தும். அதோடு நுரையீரலில் 30 கோடி வாக்கில் காற்றுப்பைகள் இருக்கின்றன, அவற்றில் கொஞ்சம் கெட்டுப்போனாலும் மீதி சமாளித்துக்கொள்ளும். அதனால் ஒன்றும் செய்யவில்லையே என்பதை வைத்து ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். முன்பு ஏதாவது ஒரு புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தவருக்கு வாரக்கணக்கில் விடாத இருமல், சளியில் ரத்தக் கீற்று, வழக்கமாக ஏறும் படியில் புதிதாக மூச்சு வாங்குவது, இந்த மாதிரி எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள்.

செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஃபோன் பண்ணினார்கள். "இப்ப நுரையீரல் கேன்சராமே, சிகரெட் வாடையே ஆகாதவளுக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்கள். இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். அக்காவின் நுரையீரலில் இருந்தது மலக்குடல் புற்றுநோய்தான். மலக்குடலில் பிறந்த செல்கள் ரத்தத்தோடு வந்து நுரையீரலில் தங்கி வளர்ந்திருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் குடல் புற்று மாதிரியே இருக்கும், குடல் புற்றுக்கான மருந்துக்கே பணியும். நுரையீரலிலேயே பிறக்கும் புற்றுநோய்க்கான மருந்துகளைப் பற்றி இணையத்தில் மணிக்கணக்காகப் படித்துவிட்டு, "இதை ஏன் எங்களுக்குத் தரவில்லை" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போன ஒரு குடும்பத்தைக் காத்திருக்கும் அறையில் பார்த்திருக்கிறேன். பாவம், அவர்களுக்கு யாரும் இதை உட்கார்த்தி வைத்துச் சொல்லவில்லை.

சரி, கல்லீரலை விட்டுவிட்டு ஏன் நுரையீரல்? இதைக் கேட்டபோது டாக்டர் ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தே காட்டினார். குடலின் பெரும்பகுதியிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குள் போய்த்தான் இதயத்துக்கு வரும். அதனால் பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் கல்லீரலில்தான் முதலில் தலைகாட்டும். மலக்குடலின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் இன்னொரு பாதையும் இருக்கிறது. அங்குள்ள ரத்தம் இடுப்பு நாளங்கள் வழியாகக் கல்லீரலைத் தொடாமலே பெருஞ்சிரையில் கலந்து, இதயத்தின் வலது பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் நுரையீரலின் நுண்குழாய்கள் வழியாகப் போகிறது, உடம்பு முழுக்கச் சுற்றிவரும் ரத்தம் அத்தனையும் அங்கே போயே ஆக வேண்டும். புற்றுச் செல்கள் அங்கே சிக்குவதில் ஆச்சரியம் இல்லை. சிக்குபவற்றில் பெரும்பாலானவை அங்கேயே செத்தும் போகின்றன. எந்த ஒன்றிரண்டு பிழைத்து வளரும் என்பதற்கு ரத்த ஓட்டம் மட்டும் காரணம் இல்லை. 1889-லேயே ஸ்டீபன் பேஜெட் என்ற லண்டன் அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயில் இறந்த நூற்றுக்கணக்கான பெண்களின் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்து, விதை எங்கும் விழலாம், ஒத்துப்போகிற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். இன்றைக்கும் டாக்டர்கள் அவரைச் சொல்கிறார்கள். இதையெல்லாம் கேட்டு அக்காவுக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. தான் ஏதோ பத்தியம் தவறியதால் பரவிவிட்டது என்று உள்ளுக்குள் மறுகிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் படத்தை இன்னும் ஃபைலில் வைத்திருக்கிறாள்.

ஸ்கேனில் முடிச்சு தெரிந்தாலே அது புற்றுநோய்தான் என்றும் இல்லை. எப்போதோ வந்து ஆறிய டிபி தழும்பு, பூஞ்சைத் தொற்று, சாதாரண வீக்கம், எல்லாமே சின்ன உருண்டையாகத் தெரியும். பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமே என்பார்கள். அது சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடத்தைப் பளிச்சென்று காட்டும் ஸ்கேன், தொற்று உள்ள இடமும் சர்க்கரையை இழுக்கும். 8 மில்லிமீட்டருக்குக் குறைந்த முடிச்சுகள் புற்றாகவே இருந்தாலும் ஒளிராமல் போகலாம். அதனால்தான் சில சமயம் சில வாரங்கள் கழித்து மறு ஸ்கேன் எடுத்து வளர்கிறதா என்று பார்ப்போம் என்பார்கள், அல்லது துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்வார்கள். காத்திருக்கச் சொல்வதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏன் காத்திருக்கிறோம், எதைப் பார்த்தால் முடிவெடுப்போம் என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

அக்காவுக்கு சிடி மெஷினில் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே நீள ஊசி ஒன்றை விட்டுத் துணுக்கு எடுத்தார்கள். "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று சொன்ன இடத்தில் சொன்னபடி இருப்பதுதான் நோயாளியின் வேலை. பிறகு சில மணி நேரம் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். ஊசி போன வழியில் காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் தங்கி, நுரையீரல் சுருங்கிவிட வாய்ப்பு உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு திடீரென்று நெஞ்சு குத்தினாலோ மூச்சு முட்டினாலோ உடனே திரும்பி வரச் சொன்னார்கள். அக்காவுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை, சளியில் லேசாக ரத்தம் வந்து நின்றுவிட்டது.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் சில எழுத்துகளும் எண்களும் இருக்கும், அவற்றைத் தாண்டிப் போகாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிடிஎக்ஸ்2, சிகே20 என்ற சாயச் சோதனைகள் இரண்டும் பாசிட்டிவ் என்றால் குடலைக் கை காட்டும். டிடிஎஃப்1 பாசிட்டிவ் என்றால் நுரையீரலிலேயே பிறந்ததாக இருக்கலாம் (தைராய்டிலும் அது வரும்). காட்டா3 மார்பகத்தின் பக்கம் இழுக்கும். அதாவது "எங்கே ஆரம்பித்தது" என்ற கேள்விக்குச் சாயம் போட்டுப் பார்த்துப் பதில் தேடுகிறார்கள். குடல் புற்றுநோய்க்கு அடுத்த கட்டமாக மரபணுச் சோதனை: கேராஸ், என்ராஸ், பிராஃப், அப்புறம் எம்எஸ்ஐ (செல்லின் டிஎன்ஏ பழுதுபார்க்கும் வேலை கெட்டிருக்கிறதா என்று காட்டும் குறி). ராஸ் மரபணுவில் மாற்றம் இருந்தால் செட்டுக்ஸிமாப், பானிட்டுமுமாப் என்ற மருந்துகள் பொதுவாக வேலை செய்யாது. எம்எஸ்ஐ உயர்வாக இருக்கிற சிறு கூட்டத்துக்கு, பரவிய குடல் புற்றுநோயில் நூற்றுக்கு நாலைந்து பேர்தான் இருப்பார்கள், இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து, கீமோவைவிட நன்றாக வேலை செய்கிறது. அக்கா அந்தக் கூட்டத்தில் இல்லை. எங்களுக்கு ஏமாற்றம்தான், ஆனாலும் சோதனை செய்து பார்த்துவிட்டு இல்லை என்று தெரிந்துகொள்வது வேறு, பார்க்காமலே இருப்பது வேறு. சிகிச்சை தொடங்கும் முன் இந்த ரிசல்ட் எல்லாம் வந்துவிட்டதா என்று கேளுங்கள். பயாப்ஸித் துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டி பத்திரமாக இருக்கிறதா என்றும் கேளுங்கள், பின்னால் புதுச் சோதனை ஏதாவது வந்தால் அதிலிருந்தே செய்யலாம்.

கீமோ வார்டில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் நான் முதலில் சொன்ன விஷயம் கண்ணெதிரே விளங்கியது. அக்காவுக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பையன், இருபது வயது இருக்கும், விரைப்பையில் வந்த புற்றுநோய் நுரையீரல் முழுக்கப் பரவியிருந்தது. ஸ்கேன் படத்தில் பார்த்தால் அக்காவுடையதைவிட அவனுடையதுதான் பயங்கரம். ஆனால் அவனுடைய டாக்டர் பேசியதெல்லாம் குணப்படுத்துவதைப் பற்றி. அந்த வகைப் புற்றுநோய், நுரையீரலுக்குப் போயிருந்தாலும்கூட, சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோவுக்குக் கரைந்துவிடும். பரவல் நுரையீரலோடு நின்று, ரத்தக் குறியீடுகளும் கட்டுக்குள் இருக்கிற நல்ல பிரிவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-ல் கண்டுபிடித்தபோது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது, சிகிச்சை முடிந்து மறுபடி பந்தயத்துக்கே போனார். இன்னொரு பக்கம் மார்பகப் புற்றுநோய் பரவிய ஒரு அம்மா. அவருடையது ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகை. கீமோவே இல்லாமல் மாதம் ஒரு ஊசி, தினமும் மாத்திரை, அவ்வளவுதான் சிகிச்சை. அவருக்கு நுரையீரல் முடிச்சிலிருந்து மறுபடி பயாப்ஸி எடுத்த பிறகுதான் மருந்தை முடிவு செய்தார்களாம், முதல் கட்டியில் இருந்த ஹார்மோன் ஏற்பிகள் (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்) பரவிய இடத்தில் மாறிப்போயிருக்கலாம் என்பதால். தைராய்டில் ஆரம்பித்துப் பரவியது என்றால் கதிரியக்க அயோடின், சில இளவயதுக்காரர்கள் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். சிறுநீரகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து பத்து வருடம் கழித்துக்கூட நுரையீரலில் வந்து நிற்கும். மூன்று நாற்காலியிலும் "நுரையீரலுக்குப் பரவியது" என்ற அதே வார்த்தைதான் ஃபைலில் எழுதியிருந்தது. அடுத்த நாற்காலிக்காரருக்கு நடந்ததை வைத்து நம் வீட்டு ஆளுக்குக் கணக்குப் போடக் கூடாது, நல்லதானாலும் சரி, கெட்டதானாலும் சரி.

இனி அந்த "எவ்வளவு நாள்" கேள்வி. டாக்டர்கள் சொல்லும் எண் பெரும்பாலும் இடைநிலை எண். அதாவது அதே நிலையில் இருந்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் போய்விட்டார்கள், மீதிப் பாதி அதைத் தாண்டினார்கள். அந்த மீதிப் பாதியில் சிலர் வெகுதூரம் போயிருப்பார்கள், அது அந்த ஒற்றை எண்ணில் தெரியாது. ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞருக்கு 1982-ல் வயிற்று உறையில் வந்த புற்றுநோய்க்கு இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று இருந்தது, அவர் இருந்தது 2002 வரை. எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணைக் கேட்டால் கூடவே "யாரை வைத்து எடுத்த எண், எங்கள் ஆள் அதில் எந்தப் பக்கம் இருக்க வாய்ப்பு, ஏன்" என்றும் கேட்க வேண்டும் என்கிறேன். எங்கள் டாக்டர் எண் சொல்லவே இல்லை. "வாரக் கணக்கிலயோ ஒரு சில மாசக் கணக்கிலயோ யோசிக்க வேண்டாம். வருஷக் கணக்கில யோசிக்கலாம், ஆனா பத்து வருஷத் திட்டம் இப்ப போட வேண்டாம்" என்றார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அக்கா அன்றைக்கே சில வேலைகளை வரிசைப்படுத்தினாள்.

கீமோவைப் பற்றி நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள், நான் நுரையீரல் நோயாளிக்கு முக்கியமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். அக்காவுக்குக் கொடுத்தது ஆக்ஸாலிபிளாட்டினும், கூடவே 46 மணி நேரம் சின்ன பம்ப் வழியாக இறங்கும் 5-எஃப்யூவும். ஆக்ஸாலிபிளாட்டின் இறங்கிய சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகவே ஆகாது. ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலைத் தொட்டாலே விரல் நுனியில் ஊசி குத்துகிற மாதிரி சுரீர் என்கும். குளிர்ந்த தண்ணீரைக் குடித்தாலோ, ஏசி காற்றை வாய் திறந்து இழுத்தாலோ, தொண்டை இறுகி மூச்சே போகாதது மாதிரி இருக்கும். நுரையீரலில் நோய் இருப்பவருக்கு இது வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முன்கூட்டியே நர்ஸ் சொல்லியிருந்ததால் அக்கா கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாகக் குடித்துச் சமாளித்தாள், சில நிமிடத்தில் விட்டுவிட்டது. முகம் வீங்கினால், தோல் தடித்தால், மருந்து ஏறும்போதே மூச்சுத் திணறினால் அது ஒவ்வாமை, அது வேறு, உடனே கூப்பிட வேண்டும்.

கீமோ நடக்கும் நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் படுக்க வைக்காமல் நேரம் எதுவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்யுங்கள். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை வாசிப்பதற்கு எங்களுக்கு உதவிய இரண்டு கணக்குகள். ஒன்று, ஒரு முடிச்சு 9 மில்லிமீட்டரிலிருந்து 10 ஆனது என்று பார்த்துவிட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அளப்பதிலேயே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். டாக்டர்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்குப்படி அளவெடுத்த கட்டிகளின் விட்டங்களைக் கூட்டி, அந்தத் தொகை 20 சதவீதம், குறைந்தது 5 மில்லிமீட்டர் கூடினால்தான் வளர்ந்திருக்கிறது என்பார்கள் (புதிதாக வேறு முடிச்சு வந்தால் அதுவும் வளர்ச்சிதான்). இரண்டு, 10 மில்லிமீட்டர் 7 ஆகியிருக்கிறது என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும். உருண்டையான கட்டி என்பதால் கன அளவில் கணக்குப் போட்டால் முன்பு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மீதி. இதைக் கேட்டு அக்கா முகம் மலர்ந்ததை மறக்க முடியாது. மாறாமல் அப்படியே இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தாலும் அது நல்ல செய்தியே, மருந்து நோயைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று அர்த்தம். பழைய ஸ்கேன் சிடிகளை எப்போதும் கையோடு கொண்டுபோங்கள். எதோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் ரிப்போர்ட்டின் பாதி மதிப்பு இருக்கிறது.

முடிச்சுகள் குறைந்து, சில மறைந்து, வேறு உறுப்பில் எதுவும் இல்லை என்றானபோது ஆபரேஷன் பேச்சு வந்தது. பரவிவிட்டால் ஆபரேஷனே கிடையாது என்றுதான் ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சில இடங்களில் மட்டும் பரவியிருப்பது தனி நிலை, அங்கே போய்த் தாக்கலாம் என்ற எண்ணத்தை 1995-ல் ஹெல்மன், வெய்க்செல்பாம் என்ற இரு மருத்துவர்கள் முன்வைத்தார்கள். 1997-ல் வெளிவந்த பன்னாட்டுப் பதிவேட்டில், நுரையீரலுக்குப் பரவிய கட்டிகளுக்கு ஆபரேஷன் செய்த 5,206 பேரில் முழுசாக எடுக்க முடிந்தவர்களில் 36 சதவீதம் பேர் ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். நல்ல எண்தான், ஆனால் அவர்கள் எல்லோரும் தேர்ந்தெடுத்து ஆபரேஷன் செய்யப்பட்டவர்கள், நோய் மெதுவாக வளர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதலில் ஆரம்பித்த இடம் கட்டுக்குள் இருக்க வேண்டும், எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும், வெட்டிய பிறகு மிஞ்சும் நுரையீரல் மூச்சுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். அக்காவுக்கு ஒரு பக்கம் சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டு முடிச்சு இருந்த ஓரத்தை மட்டும் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தார்கள். மறுபக்கம் ஆழத்தில் இருந்ததற்குக் குறிபார்த்துக் கொடுக்கும் ரேடியேஷன், ஒன்றிலிருந்து ஐந்து தடவைக்குள் முடிந்துவிடும் வகை. அதிலே வலி இல்லை. சில வாரம், சில மாதம் கழித்து ரேடியேஷன் பட்ட இடம் அழன்று வறட்டு இருமலும் மூச்சு வாங்கலும் வரலாம் என்றார்கள், வந்தது, ஸ்டீராய்டில் அடங்கியது. இந்த யோசனைக்குப் புற்றுநோய் மருத்துவர், நெஞ்சு அறுவை மருத்துவர், ரேடியேஷன் மருத்துவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு சொல்வது முக்கியம். ஒருவர் மட்டும் "செய்யலாம்" அல்லது "ஒன்றும் செய்ய முடியாது" என்றால் மற்ற இருவர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பது நம் உரிமை.

மூச்சு வாங்குவதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். வலியைவிட நோயாளியையும் வீட்டாரையும் நடுங்க வைப்பது அதுதான். மூச்சு வாங்கினால் கேன்சர் முற்றிவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் காரணம் எத்தனையோ இருக்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம், நிமோனியாவாக இருக்கலாம், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், ரேடியேஷனாலோ இம்யூனோதெரபியாலோ நுரையீரல் அழன்றிருக்கலாம். இதில் பலவற்றுக்கு அன்றைக்கே நிவாரணம் உண்டு. புற்றுநோய் உள்ளவர்களுக்கு ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென்று மூச்சு முட்டுவது, மயக்கம் வருவது, இவை வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். இருமும்போது ரத்தம் கீற்றாக இல்லாமல் கெட்டியாக வாய் நிறைய வந்தால் அதுவும் அவசரம்தான். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால் அந்தப் பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், நல்ல பக்கத்துக்குள் ரத்தம் இறங்காமல் இருக்கும்.

நீர் கோத்துக்கொண்டது அந்த மார்பகப் புற்றுநோய் அம்மாவுக்கு. அதற்குள் அவர் அக்காவுக்கு நெருங்கிய சிநேகிதி ஆகியிருந்தார். படுக்கவே முடியாமல் நாலு தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார். நீர் எடுத்த அன்றைக்கு அவர் வீட்டில் ஆள் இல்லாததால் நான் கூட நின்றேன். மேஜையில் தலையணை வைத்து அதன்மேல் குனிந்து சாய்ந்துகொள்ளச் சொன்னார்கள். அல்ட்ராசவுண்டில் இடம் பார்த்து, முதுகுப் பக்கம் மரக்க ஊசி போட்டு, மெல்லிய குழாயை விட்டார்கள். கஷாய நிறத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவருக்கு அடக்க முடியாத இருமல், நான் பயந்துவிட்டேன். "அமுங்கி இருந்த நுரையீரல் விரியுது, அதான், நல்ல இருமல்" என்றார் டாக்டர். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்க மாட்டார்கள், வழக்கமாக ஒன்றரை லிட்டர் அளவில் நிறுத்திவிடுவார்கள், திடீரென்று விரிந்தால் நுரையீரலுக்குள்ளேயே நீர் ஊறிவிடும் என்பதால். அன்று ராத்திரி படுத்துத் தூங்கினேன் என்று மறுநாள் ஃபோனில் சொன்னார். திரும்பத் திரும்பக் கோத்துக்கொண்டால் டால்க் பொடியைச் செலுத்தி, நுரையீரலையும் நெஞ்சுக்கூட்டின் உள்பக்கத்தையும் மூடியிருக்கும் உறை இரண்டையும் ஒட்டவைத்துவிடலாம், அல்லது மெல்லிய குழாயை நிரந்தரமாக வைத்து வீட்டிலேயே அவ்வப்போது வடிக்கலாம். அவர் குழாயைத் தேர்ந்தெடுத்தார், அவர் மகள் சுத்தமாகக் கை கழுவிச் செய்யக் கற்றுக்கொண்டாள்.

வீட்டில் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கையை மேஜையிலோ தொடையிலோ ஊன்றிக்கொண்டால் மூச்சுத் தசைகளுக்கு இளைப்பு குறையும். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி விட வேண்டும், விடுவது இழுப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும். சின்னக் கைவிசிறி, பேட்டரியில் ஓடுமே, அதை மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நேராகப் பிடித்தால் மூளைக்குப் போகும் மூச்சுத் திணறல் உணர்ச்சியே குறைகிறது. கேட்டால் நம்ப மாட்டீர்கள், ஆய்வு செய்து பார்த்தது. (ஆக்ஸாலிபிளாட்டின் போட்ட வாரத்தில் மட்டும் காற்று குளிர்ச்சியாக இருக்கக் கூடாது.) ஆக்ஸிஜன் சிலிண்டர் வாங்கி வைத்தால் நிம்மதி என்று பலர் நினைக்கிறார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தவர்களுக்குத்தான் அது உதவும். அளவு சரியாக இருந்தும் மூச்சு வாங்குகிறவர்களுக்கு, குழாயில் வரும் சாதாரணக் காற்றைவிட அது பெரிதாக எதுவும் செய்வதில்லை. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் நெயில் பாலிஷ் இருந்தாலோ விரல் சில்லிட்டிருந்தாலோ தவறாகக் காட்டும், கருத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டவும் செய்யும். எண் 96 என்று இருந்தாலும் ஆள் திணறினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

மார்ஃபின் என்றாலே கடைசி நேர மருந்து என்று ஒரு பயம். குறைந்த அளவு மார்ஃபின், டாக்டர் சொன்னபடி வாய்வழியாகக் கொடுத்தால், பலருக்கு மூச்சுத் திணறல் உணர்வு தணிகிறது, முறையாகக் கொடுத்தால் அது மூச்சை நிறுத்திவிடாது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கான மருந்தை முதல் நாளே சேர்த்துத் தரச் சொல்லுங்கள். இதையெல்லாம் நன்றாகப் பார்ப்பவர்கள் பேலியேட்டிவ் கேர் டாக்டர்கள். அவர்களிடம் அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பாஸ்டனில், நுரையீரலிலேயே ஆரம்பித்துப் பரவிய புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. ஆரம்பத்திலிருந்தே வழக்கமான சிகிச்சையோடு இந்தக் கவனிப்பையும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, இடைநிலை ஆயுளும் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. கீமோ நடக்கும்போதே அக்காவை அவர்களிடம் காட்டினோம். அவளுக்குத் தூக்கம் திரும்பியது அவர்களால்தான்.

இன்னொன்று, நோயாளியிடம் மறைக்காதீர்கள். "அவளிடம் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டாள்" என்று சொந்தத்தில் சிலர் எவ்வளவோ சொன்னார்கள். அக்கா முதல் நாளே, "எனக்குத் தெரியாம எதுவும் பேசக் கூடாது, ஆனா நம்பர் எல்லாம் நீ கேட்டுக்கோ, நான் கேட்டா மட்டும் சொல்லு" என்று பிரித்துக் கொடுத்துவிட்டாள். எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும், அதை அவரிடமே கேட்டுவிடலாம். ஒவ்வொரு தடவையும் டாக்டரைப் பார்க்கப் போகுமுன் கேள்விகளை எழுதிக்கொண்டு போவோம், மிக முக்கியமானது முதலில், ஏனென்றால் மூன்றாவது கேள்விக்குள் நேரம் முடிந்துவிடும். இந்தச் சிகிச்சையின் நோக்கம் என்ன, குணமாக்குவதா, தள்ளிப்போடுவதா, கஷ்டத்தைக் குறைப்பதா? வேலை செய்கிறதா என்று எப்போது, எதை வைத்துத் தெரியும்? வேலை செய்யவில்லை என்றால் அடுத்து என்ன? ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் யாருக்கு ஃபோன் செய்வது?

கஷ்டமான பேச்சு ஒன்று மிச்சம் இருந்தது. நிலைமை முற்றினால் ஐசியு வேண்டுமா, வென்டிலேட்டர் வேண்டுமா? நுரையீரலில் நோய் உள்ளவர்கள் வீட்டில் இந்தக் கேள்வி மூச்சுத் திணறலின் நடுவே ஆம்புலன்ஸில் வைத்து வந்தால் யாராலும் நிதானமாகப் பதில் சொல்ல முடியாது. உடம்பு நன்றாக இருந்த ஒரு சாயங்காலம் அக்காவே ஆரம்பித்தாள். நிமோனியா மாதிரி சரிசெய்யக்கூடிய காரணம் என்றால் எல்லாம் செய்து பாருங்கள், நோயே முற்றி மூச்சு நின்றுபோகிற நிலை என்றால் குழாய் வேண்டாம், கஷ்டம் தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை ஃபைலிலும் இன்னொன்றை டாக்டரிடமும் கொடுத்தோம். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார், அக்கா அதற்கப்புறம் ஒரு தடவை மாற்றியும் எழுதினாள்.